மேற்கு பார்த்த பலகை

நான் வாங்கிய முதல் வீட்டில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்தால் எனக்கு நேர் மேலே இரண்டு பாதங்கள் தெரியும். விரல், குதிகால் எல்லாம் சரியாக இருக்கும். மேலே ஒருவர் நின்றுகொண்டிருந்து, அவர் நிற்கும் தரை மட்டும் கண்ணாடியாக இருந்தால் கீழே படுத்திருப்பவனுக்கு எப்படித் தெரியுமோ அப்படி. அந்தப் பாதங்களை என் தலைக்கு மேலே கொண்டுவந்து வைத்தது பேயுமில்லை, பில்லிசூனியமும் இல்லை. நான்தான் வைத்தேன். என் புத்திசாலித்தனத்தால் வைத்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. திருச்சிக்கு வந்தது பாலக்கரைப் பக்கம் ஒரு மரக்கடையில் தடி தூக்க. பிறப்பால் நான் ஆசாரி இல்லை. உளியை இப்படிப் பிடி என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. வேலை செய்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் திருடிக்கொண்டதுதான். "தடி தூக்கி எல்லாம் இழைப்புளி புடிக்க வந்தாச்சு" என்று ஆசாரிமார் என் காதுபடவே சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களில் இரண்டு பேர் பின்னால் என்னிடமே வேலைக்கு வந்தார்கள். நானும் அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

மரத்தளம் என்றால் அந்த நாளில் திருச்சியில் என்னைத்தான் கூப்பிட வேண்டும். கன்டோன்மென்ட்டில் துரைமார்கள் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கென்றே பலகை போட்ட கூடங்கள் இருந்தன. அதில் ஒன்றை நான் இழைத்து மெழுகு ஏற்றிக் கொடுத்த மறுநாள் ஒரு துரைசானி வழுக்கி விழுந்துவிட்டாள். அதுதான் எனக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட். அதற்கப்புறம் எனக்கு வேலை ஓயவில்லை. தடி தூக்கிய தெருவிலேயே சொந்தமாக மர டிப்போ வைத்தேன். அதற்கும் பிறகுதான் வீடு வாங்கினேன்.

கோட்டைக்குத் தெற்கே, பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த மச்சு வீடு. ஒரு முஸ்லிம் வியாபாரி கட்டியது. கீழே காரைத் தரை. மேலே கூடம் முழுக்கப் பலகைத் தளம். அவ்வளவும் பர்மாத் தேக்கு. ஒவ்வொரு பலகையும் ஒரு முழத்துக்கு மேல் அகலம், ஒரு ஆளைப் படுக்க வைத்தால் தலையும் காலும் தட்டாத நீளம். அவரே ரங்கூனில் நின்று பொறுக்கி எடுத்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்ததாம். பதினைந்து வருஷம் இந்த வீட்டில் இருந்தவர், அங்கே கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பங்காளி இறந்துபோனதால் மறுபடி ரங்கூனுக்குப் போனார். போன மறுவருஷம் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான். கப்பல் நின்றது, கடிதாசு நின்றது. காட்டு வழியே நடந்து வந்தவர்கள் சிலர் திருச்சிக்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இவரை வழியில் பார்த்ததாகச் சொல்லவில்லை. செத்ததைப் பார்த்ததாகவும் சொல்லவில்லை.

பிள்ளை குட்டி கிடையாது. வீடு மனைவி பேரில் இருந்தது. அந்த அம்மாவுக்குத் துறையூரில் தம்பி இருந்தார். அவர்தான் வந்து பேசி, வீட்டை எனக்கு முடித்துக்கொடுத்து, அக்காவைத் துறையூருக்கு அழைத்துக்கொண்டு போனார்.

சாவி கொடுக்கிற அன்று அந்த அம்மாவும் வந்திருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் வெளியே வந்தால் போடுகிற வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மச்சுப்படியின் உச்சியில் நின்றது. நான் கூடத்தில் உட்கார்ந்து, பலகைகளைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எது உளுத்தது, எது தாங்கும் என்று எனக்குத் தட்டினாலே தெரியும். ஆறேழு பலகைதான் கெட்டிருந்தது. மற்றதெல்லாம் மேல்பக்கம் தேய்ந்து, ஆணித் தலை துருத்திக்கொண்டு நின்றதே தவிர உள்ளே இரும்பு.

"அண்ணே" என்று அந்த அம்மா கூப்பிட்டது. "அந்த ஒரு பலகை மட்டும் எனக்கு வேணும். பேத்து எடுத்துக்கட்டுமா?"

எந்தப் பலகை என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. மேற்குச் சுவரை ஒட்டி ஒரு பலகையில் மட்டும் கறுப்பாகத் தடம் விழுந்திருந்தது. கிழக்கு முனையில் இரண்டு பாதம். நடுவில் முழங்கால் பட்ட இடம் இரண்டு. மேற்கு முனையில் நெற்றி பட்ட இடம், ஒரு வாதுமைக் கொட்டை அளவுக்கு. தம்பி விளக்கம் சொன்னார். மச்சான் தொழுவதற்குப் பாய் விரிக்கமாட்டாராம். நானே கொண்டுவந்த மரம், நானே துடைக்கிற மரம், இதைவிடச் சுத்தம் எங்கே என்பாராம். ஒளு செய்து, அதாவது கை, முகம், கால் கழுவிவிட்டு, ஈரக் காலோடு வந்து, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, அதே இடத்தில் நிற்பாராம். ஈரம் இறங்கி இறங்கி மரம் கறுத்துவிட்டது. விரலால் தடவினால் மயிரிழை பள்ளமும் தெரிந்தது.

பலகையைக் கொடுக்க எனக்கு மனசில்லை. காரணம் இருந்தது. பர்மாவிலிருந்து தேக்கு வரத்து அடியோடு நின்றிருந்தது. மலையாளத்து மரம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கெட்ட பலகைகளுக்கு மாற்றே நான் டிப்போவில் மூலை மூலையாகத் தேடவேண்டிய நிலைமை. இதில் நல்ல பலகையைப் பேர்த்துக் கொடுத்தால் கூடத்தில் ஓட்டையோடுதான் குடிபோகவேண்டும். ஊரார் தளத்தையெல்லாம் சீர்பண்ணியவன் வீட்டில் ஓட்டை. அதை அந்த ஆசாரிகள் பார்க்க வேண்டும். அதெப்படி முடியும்?

"அம்மா, இதுக்கு ஜோடிப் பலகை நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றேன்.

"பலகைக்கு ஜோடி தேடவே உங்களுக்கு இவ்வளவு கஷ்டமாண்ணே" என்றது அந்த அம்மா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பிறகு, "அவங்க வந்தா எங்கே நின்னு தொழுவாங்க? அதுக்குத்தான் கேக்குறேன். வேற எதுக்கும் இல்லை" என்றது.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விற்ற வீடு விற்றதுதான் என்கிற மாதிரி நான் ஏதோ சொன்னேன். அந்த அம்மா இறங்கிப் போய்விட்டது.

மறுவாரமே வேலையை ஆரம்பித்தேன். டிப்போவை ஆட்களிடம் விட்டுவிட்டு நானும் இரண்டு ஆசாரிகளும் மேலே ஏறினோம். முதல் வேலை ஆணி. பழைய ஆணியைக் கடப்பாரை போட்டு நெம்பினால் தேக்கு சிதறிவிடும். ஆணித் தலையைச் சுற்றி உளியால் கொஞ்சம் பறித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு குறடு போட்டுத் திருகி எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, நம்பர் போட்டுச் சுவரில் சாத்தினோம். கீழே தாங்குகிற சட்டங்களில் செல் அரித்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டுப் போட்டோம். பலகை முனகுவது சட்டத்தோடு உரசுகிற இடத்தில்தான். அந்த இடங்களில் மாக்கல்லை அரைத்த பொடி, அதுதான் நம் பெண்பிள்ளைகள் கோலம் போடுகிற மாவு, அதைத் தூவிப் பலகையை உட்கார வைப்பேன். அது என் கண்டுபிடிப்பு. என் தளம் பேசாது.

அந்தப் பலகையை மட்டும் ஆசாரிகளிடம் விடாமல் நானே எடுத்துக்கொண்டேன். இழைப்புளியைப் போட்டேன். சுருள் சுருளாக மரம் வந்தது, முதலில் கறுப்பாக, அப்புறம் தேன் நிறமாக. பர்மாத் தேக்கை இழைத்தால் வருகிற வாசனை கூடம் முழுக்க நின்றது. கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். உப்புத்தாள் போட்டேன். பாதமும் இல்லை, நெற்றியும் இல்லை. பலகை பிறந்த குழந்தை மாதிரி கிடந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மரத்தின் மயிர், அதாவது நுண்ணிய சிலும்பு, எழும்புவதற்காக ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசினேன்.

என் கண் முன்னாலேயே இரண்டு பாதம் எழுந்து வந்தது.

பயந்துவிட்டேன் என்று எழுத எனக்கு வெட்கம். ஆனால் துணியைக் கீழே போட்டேன். ஒரு ஆசாரி "என்னங்க" என்று கிட்டே வந்து பார்த்துவிட்டு, தன் உளியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு தள்ளிப் போனான். எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. பதினைந்து வருஷம் மிதிபட்ட மரம் அமுங்கிக் கிடக்கும். மேலே இழைத்தாலும் அடியில் அமுங்கினது அமுங்கினதுதான். ஈரம் பட்டால் அது மூச்சு வாங்குகிற மாதிரி மேலே வரும். தண்ணீர் இறங்கின மரம் எண்ணெயை வேறு மாதிரிக் குடிக்கும். அதனால் நிறம் மாறும். இதை நான் ஆசாரிகளுக்கு விளக்கிச் சொன்னேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். அதற்கப்புறம் அந்தப் பலகையை ஒருத்தனும் தொடவில்லை.

இன்னொரு தடவை இழைத்தேன். மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை இழைத்தால் பலகை மெலிந்துவிடும். பக்கத்துப் பலகையோடு மட்டம் நிற்காது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தேய்ந்த பலகையைத் திருப்பிப் போட்டால் புதுப் பலகை. அதன் அடிப்பக்கத்தில் ஒருத்தரும் நடந்ததில்லையே. எல்லாப் பலகைகளையும் திருப்பினேன். அடிப்பக்கம் மேலே வந்தது, மேல்பக்கம் அடிக்குப் போனது. இழைத்து, இடுக்கில் மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்து, எண்ணெய் மூன்று கை கொடுத்து, தேன்மெழுகு ஏற்றி, கம்பளித் துணியால் நானே முட்டி போட்டுத் தேய்த்தேன். முகம் தெரிந்தது. மரக்கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் கால் வைக்கத் தயங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவர், நான் தடி தூக்கிய கடையின் முதலாளியே, "திருடன்யா நீ. எங்க கண்ணெதிர்லயே தொழிலைத் திருடிட்டியே" என்றார். அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

குடிபோன மூன்றாம் நாள் மத்தியானம் கீழ் அறையில் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். மச்சுக்கு அடியில் கூரை என்று தனியாகக் கிடையாது. மேல் தளத்தின் அடிப்பக்கம்தான் கீழ் அறைக்குக் கூரை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆயிரம் தடவை பார்த்த விஷயம். ஆனாலும் அது என் நினைவுக்கு வந்தது மல்லாந்து படுத்து மேலே பார்த்தபோதுதான்.

இரண்டு பாதம். அதற்கு மேற்கே முழங்கால். அதற்கும் மேற்கே, சரியாக என் முகத்துக்கு மேலே, நெற்றி.

சுண்ணாம்பு அடித்தேன். நாலு நாள் வெள்ளையாக இருந்தது. ஐந்தாம் நாள் தேக்கின் எண்ணெய் சுண்ணாம்பைத் தாண்டி இறங்கி, மஞ்சளாக, முன்னைவிடத் துல்லியமாகக் காட்டியது. மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது. கட்டிலை மாற்றிப் போட்டேன். மாற்றிப் போட்ட இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் தெரிந்தது. திருப்பாமல் படுத்தால், அங்கே இருக்கிறது என்பது தெரிந்தது.

சத்தமும் இருந்தது. பேசாத தளம் என்று சொன்னேனே, அது பேசியது. மத்தியான வெயில் ஓட்டில் ஏறி, மச்சு சூடாகும்போது, பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிக்கிற நேரத்துக்கு, மேலே 'டக்' என்று ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. முழங்கால் ஊன்றுகிற மாதிரி. சூட்டில் மரம் விரிகிறது, ஆணி இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். காரணம் தெரியாமல் பயப்படுகிறவனுக்குக் காரணம் சொன்னால் பயம் போய்விடும். எனக்குக் காரணம் முன்னாலேயே தெரியும். அதனால் அது போக வழியில்லை. நாள் தவறாமல் அந்த நேரத்துக்கு நான் காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் மழை மூடிக்கொண்டு வெயிலே இல்லை. சத்தமும் வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில் துறையூர்த் தம்பி டிப்போவுக்கு வந்தார். அக்கா இன்னும் அந்தப் பலகையைத்தான் கேட்கிறாள் என்றார். வீட்டில் மேற்குச் சுவர் ஓரமாக இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாளாம், அதில் யாரையும் சாமான் வைக்க விடுவதில்லையாம். ஜமாத்துப் பெரியவர்கள் வந்து, இத்தனை நாள் ஆகிவிட்டது, இனி இத்தா இருந்துவிடு அம்மா என்று சொல்லிப் பார்த்தார்களாம். இத்தா என்பது புருஷன் செத்துப்போனால் பெண் வெள்ளை கட்டி நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள் இருப்பது. அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாளாம். மையத்தை, அவர் உடம்பை, பார்த்தவர் யார், தோள் கொடுத்தவர் யார், ஒருத்தரைக் காட்டுங்கள், இருக்கிறேன் என்றாளாம். கையில் கண்ணாடி வளையலைக் கழற்றவில்லையாம்.

"நீங்க குடுத்தீங்கன்னா அது நிம்மதியாக் காத்துக்கிட்டு இருக்கும்ங்க" என்றார் தம்பி. "காத்துக்கிட்டு இருக்கிறது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியலை. ஆனா அதுக்கு வேற ஒண்ணும் இல்லை."

அப்போதும் நான் இல்லை என்றுதான் சொன்னேன். பலகையைத் திருப்பிப் போட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. இழைத்ததைச் சொல்லவும் வரவில்லை. தளத்தைக் கலைத்தால் மொத்தமும் கெட்டுவிடும் என்று தொழில் பேச்சுப் பேசி அனுப்பிவிட்டேன்.

என் மனைவி வாயாடி இல்லை. நான் பேசுகிற பேச்சுக்கு அந்த வீட்டில் இன்னொரு வாய்க்கு இடமும் இல்லை. தம்பி வந்துபோன கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே, "தொழுவுற மனுஷனைத் தலைகீழாத் தொங்க விட்டுட்டு, அதுக்குக் கீழ படுத்துத் தூங்குறீங்க" என்றாள். வெற்றிலையை என் கையில் கொடுத்துவிட்டு, "அவரு உசுரோட வந்து வாசல்ல நின்னா எந்தப் பக்கத்தைக் காட்டுவீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஜோடிப் பலகை தேடப் புறப்பட்டேன்.

திருச்சியில் எந்த மரக்கடையிலும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு ஐயங்கார் குடும்பம் மதராஸுக்குப் பிள்ளையோடு போகிறார்கள், சாமான்களைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த ஐயங்கார் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் தொங்கியது. ஒரே பலகை, பர்மாத் தேக்கு, அகலம் ஒன்றரை முழம். நான் அதைத் தட்டிப் பார்த்த விதத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊஞ்சலுக்குத்தானே என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். மச்சுத் தளத்துக்கு என்று சொல்லிவிட்டேன்.

"என் அம்மாவுக்கு, எனக்கு, என் பொண்ணுகளுக்கு, அத்தனை பேர் கல்யாணத்துக்கும் இதுல உக்காத்தி வெச்சுத்தான் பாலும் பழமும் குடுத்தா" என்றார். "அத நீர் மிதிக்கப் போறீரா?"

"மிதிக்கலீங்க சாமி. மேல நிக்கப் போறோம்."

"ரெண்டும் ஒண்ணுதாங்காணும்" என்றார். பிறகு அவரே ஊஞ்சலில் கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்து, காலால் ஒரு உந்து உந்தி, அது தானாக நிற்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து சங்கிலியைக் கழற்றச் சொன்னார்.

அந்தப் பலகையை அளவுக்கு அறுத்து, சங்கிலி மாட்டிய ஓட்டைகளைத் தேக்கு முளையால் அடைத்து, பழைய பலகை இருந்த இடத்தில் போட்டேன். பழையது வெளியே வந்தது. சுண்ணாம்பைச் சுரண்டினேன். எவ்வளவு சுரண்டியும் இழை ஓடிய இடங்களில் வெள்ளை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. எண்ணெய் பூசினேன். பாதம் நன்றாக எழுந்து வந்தது. முதல் தடவையாக அது வருவதைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது. போகவேயில்லை, இத்தனை பண்ணியும் போகவில்லை. மெழுகு ஏற்றி, என் கைவேலை முழுவதையும் அதில் காட்டினேன். கொடுப்பது என்று ஆனபிறகு, என் கையிலிருந்து போகிற பொருள் என்று தெரியவேண்டாமா? சாக்கில் சுற்றினால் சணல் உரசி மெழுகு கீறிவிடும் என்று, சலவைக்குப் போய் வந்த என் வெள்ளை வேட்டியை எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்று இடத்தில் கட்டினேன். தலை மாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கால் மாட்டில் ஒன்று. பலகையைக் கட்டுகிறவன் அப்படித்தான் கட்டுவான். அப்போது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். காவேரியைத் தாண்டி, கொள்ளிடத்தைத் தாண்டி, மேடு வந்தால் இறங்கி நடந்து, துறையூர் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. நான் போட்ட கடிதாசைப் பார்த்து, பஸ் நிற்கிற இடத்துக்குத் தம்பி வந்திருந்தார். மேலேயிருந்து பலகையை இறக்கியபோது அவர் அதைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. முன்முனைக்குத் தோள் கொடுத்தார். பின்முனை எனக்கு.

அவர்கள் தெருவுக்குள் திரும்பினோம். வெயில் கொளுத்தியது. தெருவில் ஆள் குறைவு. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் அதை மூடி முத்தமிட்டுவிட்டு எழுந்து வந்தார். நேரே வந்து என் தோளிலிருந்து பலகையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். உதவிக்கு வருகிறார் என்று நினைத்தேன். அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். அப்புறம் தறி போட்டிருந்த வீட்டிலிருந்து இரண்டு பேர். எல்லாரும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, நாலு அடி சுமந்து, பின்னால் வருகிறவரிடம் கொடுத்துவிட்டு விலகி நடந்தார்கள். மையத்து போனால் எதிரே வருகிறவன் நாலு அடியாவது தோள் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். கோட்டைப் பக்கத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது நினைவுக்கு வந்தபோதுதான் நான் சுற்றிய வெள்ளையையும் மூன்று கட்டையும் பார்த்தேன்.

கனம் தெரிந்திருக்கும் அவர்களுக்கு. தோளில் வாங்கிய ஒவ்வொருவருக்கும், இது ஆள் இல்லை என்று தெரிந்துதான் இருக்கும். ஆனால் முன்னால் போகிறவர் இன்னாருடைய மச்சான் என்றும், போகிற வீடு இன்ன வீடு என்றும் தெருவுக்கே தெரியும். ஒருவரும் கீழே இறக்கவில்லை. ஒருவர் முணுமுணுப்பாக ஓத ஆரம்பித்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் வெறும் கையோடு, என் வேட்டி சுற்றிய பலகைக்குப் பின்னால் நடந்தேன். இது பலகைங்க, வெறும் பலகை என்று சொல்லி நிறுத்தியிருக்கவேண்டும். எங்கேயும் யாரிடமும் பேசிப் பழகிய வாய் எனக்கு. அன்றைக்கு அந்தத் தெருவின் நீளத்துக்கும் அது திறக்கவில்லை.

அந்த அம்மா வாசல் படியில் நின்றது. எங்களை எதிர்பார்த்து முன்னாலேயே வந்து நின்றிருக்கவேண்டும். தெருமுனையிலிருந்து அது பார்த்தது என்ன என்பதை நான் எத்தனையோ மத்தியானம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆள் நீளத்துக்கு, வெள்ளை சுற்றி, மூன்று கட்டுக் கட்டி, தெருவே தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுவருகிறது. தோள் கொடுத்தவர் யார், காட்டுங்கள் என்று கேட்டிருந்ததே, அது.

பலகையை உள்ளே கொண்டுபோய், ஒதுக்கி வைத்திருந்த இடத்தில், மேற்கே நெற்றி வரும்படி தம்பி வைத்தார். சுமந்தவர்கள் வெளியே நின்றுகொண்டார்கள். கட்டுகளை அவிழ்க்க என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அவிழ்த்தேன். வேட்டியை விலக்கினேன். அந்த அம்மா உட்கார்ந்து, பாதம் இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவியது. பள்ளத்தைத் தேடியது என்று எனக்குத் தெரிந்தது. அதை நான் இரண்டு தடவை இழைத்திருந்தேன். இழைகளுக்குள் இருந்த சுண்ணாம்பையும் நகத்தால் தொட்டுப் பார்த்தது. எதற்கு வெள்ளை என்று கேட்கவில்லை.

"ரொம்ப வழவழன்னு ஆக்கிட்டீங்கண்ணே" என்றது.

இந்த வார்த்தையை எத்தனை துரைமார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! எத்தனை தடவை அதை நான் ஊர் பூராவும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

எழுந்து, இரண்டு காலையும் அந்தத் தடங்களுக்குள் வைத்து ஒரு நிமிஷம் மேற்கே பார்த்து நின்றது. அதன் காலைச் சுற்றி அவருடைய கால் இன்னும் இரண்டு விரல் மிச்சம் இருந்தது. பிறகு இறங்கி, தம்பியைப் பார்த்து, "வெள்ளை எடுத்துட்டு வரச் சொல்லு" என்றது. அவ்வளவுதான். தம்பி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதார். உள்ளேயிருந்து பெண்கள் வந்தார்கள். கண்ணாடி வளையல் உடைகிற சத்தம் எனக்கு வாசலில்தான் கேட்டது. அப்போது நான் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா பலகையைக் கேட்டது, அவர் வந்தால் நிற்க இடம் வேண்டும் என்று. முதல் நாளே பேர்த்துக் கொடுத்திருந்தால் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போயிருக்கும். பள்ளமும் கறுப்பும் அப்படியே இருந்திருக்கும். யாரும் தோள் கொடுத்திருக்கமாட்டார்கள். அது பாட்டுக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கும். அவர் வந்தாரா என்றால், வரவில்லை. சண்டை முடிந்து கப்பல் விட்டபிறகும் வரவில்லை. அப்படியானால் நான் செய்தது நல்லதுதானே என்று தம்பியே பின்னால் ஒரு தடவை சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் வந்திருந்தால்? அந்தக் கணக்கை நான் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அடிப்பக்கம் தெரிகிறது.

அந்த வீட்டில் இன்னும் பல வருஷம் இருந்தேன். ஸ்ரீரங்கத்து ஊஞ்சல் பலகை கூரையில் ஒரு கறை இல்லாமல் இருந்தது. ஆனால் மத்தியான வெயில் ஏறி, பாங்கு முடிகிற நேரத்துக்கு, அங்கே 'டக்' என்று ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று கேட்கத்தான் செய்தது. மரத்தை மாற்றினேனே தவிர அடியிலிருக்கிற சட்டத்தை மாற்றவில்லை. காரணம் அதுதான். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அந்த நேரத்தில் அந்தப் பலகைக்குக் கீழே காலை நீட்டிப் படுக்க எனக்குக் கடைசிவரை முடியவில்லை.

வேட்டியை நான் திருப்பிக் கேட்கவில்லை, அவர்களும் அனுப்பவில்லை. என் டிப்போவில் இன்றைக்கும் பலகையைச் சாக்கில்தான் சுற்றுவார்கள். மெழுகு கீறினாலும் சரி. புதிதாக வருகிற ஆசாரி யாராவது நல்ல வேலையை நல்ல துணியில் சுற்றக்கூடாதா என்று கேட்பான். வெள்ளை அழுக்காகும்டா என்று சொல்லிவிடுவேன்.